கண்ணினுள் ஒரு வில்லை
திருவனந்தபுரம் யாத்திரையில் நாம் கண்டதும் கேட்டதும்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் உண்டு. நிலத்துக்குத் தீர்வை கட்டுவது, வீட்டுக் கூரையைப் பழுது பார்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவது, பெண்ணுக்கு வரன் தேடுவது என்று நீளும் அப்பட்டியலில், சில ஆண்டுகளாக 'மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் ஆபரேஷன்' என்பதும் இடம் பெறலாயிற்று. "லேசர் வேண்டாம், கண்ணுக்குள்ளேயே வில்லை வைத்துவிடலாம் என்கிறார்களே, அது நல்லதுதானா? அதற்கு எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும்?" என்று சங்க அன்பர்கள் பலர் நம்மைக் கேட்டதுண்டு. விடை கூறும் தகுதி அப்போது நமக்கு இருக்கவில்லை. சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு திருவனந்தபுரத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு நாட்கள் கழிக்க நேர்ந்தமையால், கண்டதையும் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

திருவனந்தபுரம் ஏன்?

குமரி மாவட்டத்தாருக்கும் நெல்லைச் சீமையின் தென் பகுதியாருக்கும் அணித்தான சர்வதேச விமான நிலையம் திருவனந்தபுரமே. சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய அந்நிலையத்தில் இறங்கினால், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டரில் நாகர்கோவில் வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எனினும், கல்விக்கும் வைத்தியத்துக்கும் பழைய தலைநகரை நாடும் வழக்கம் அம்மக்களை விட்டு அகலவில்லை. சாலைக் கடைத்தெருவில் நின்றால் தமிழ்க் குரல் காதில் விழாத நேரமில்லை. நம்மவர் மட்டுமா? கடல் கடந்து மாலத்தீவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வைத்தியத்துக்காக இந்நகருக்கு வருகின்றனர். வாடகைக்கு வீடு பிடித்து, வாரக்கணக்கில் தங்கி, சிகிச்சை முடித்துச் செல்வது அவர்கள் வழக்கம். இச்செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

நம் நண்பர் ஷார்ஜாவில் உத்தியோகம் பார்ப்பவர். அவருடைய மகளுக்கு வயது இருபத்து நான்கு. பத்து வயது முதல் கண்ணாடி அணிபவள். இரு கண்களுக்கும் மைனஸ் 9 பவர். நாகர்கோவிலில் பெண் பார்க்கும் வைபவத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. "தடித்த கண்ணாடியோடு பெண்ணை எப்படி உட்கார வைப்பது, அண்ணாச்சி? பதினைந்து நாள் லீவு இருக்கிறது. வந்த மறுநாளே ஆபரேஷனை முடித்துவிட்டால் கண்ணும் ஆறிவிடும்" என்று நண்பர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

வில்லை வந்த வரலாறு

மைனஸ் 9 என்றால் என்ன? கண்ணாடியின்றி அப்பெண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் சுமார் பதினொரு சென்டிமீட்டர் என்பது பொருள். அதற்கு அப்பால் அனைத்தும் மங்கல். சாதாரணமாகக் கண் உருண்டையின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வை மிகுந்தோருக்கு அது மேலும் நீண்டுவிடுகிறது. ஆகவே ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்னரே குவிகிறது.

இக்குறையை லேசர் முறை தீர்ப்பது, கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலத்தைச் செதுக்கித் தட்டையாக்குவதன் மூலம். அப்படலத்தின் கனமோ அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். ஒவ்வொரு டையாப்டர் பவருக்கும் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். பவர் மிக அதிகமானாலும், படலம் மெல்லியதானாலும் இது இயலாது. செதுக்குவதற்குப் பதிலாக உள்ளே ஒரு வில்லையைச் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அங்குதான் பிறக்கிறது.

கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதல் வைத்தவர் இங்கிலாந்தின் ஹரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடித் துணுக்குகள் புண்ணாக்காமல் உள்ளேயே கிடந்ததை அவர் கவனித்தார். 1949 நவம்பர் 29-ஆம் நாள், லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், கண்புரை நோயாளி ஒருவருக்கு அதே பொருளாலான வில்லையைப் பொருத்தினார். 1950-களில் இத்தாலியின் ஸ்ட்ரம்பெல்லியும் ஸ்பெயினின் பாராகரும், புரை இல்லாத கிட்டப்பார்வைக் கண்ணிலேயே வில்லை வைத்துப் பார்த்தனர். கருவிழிப் படலம் பழுதடைந்ததால் பலருக்கு அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. 1986-இல் மாஸ்கோவின் ஃபியோதரோவ், வில்லையைக் கருவிழிக்கு வெகு அருகில் வைக்காமல், கண்மணியைச் சூழ்ந்த நிறத் திரைக்குப் பின்னால், இயற்கை வில்லைக்கு முன்னால் வைக்கும் வழியைக் காட்டினார். இன்று 'ஐ.சி.எல்.' என்று வழங்கும் வில்லை அவ்வழியில் வந்தது. 2005 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி அதற்குக் கிடைத்தது. கண்ணுள் நீர் தடையின்றி ஓடுவதற்காக நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளையிட்ட புதிய வகைக்கு 2022 மார்ச்சில் அங்கே அனுமதி வழங்கினர். இந்தியாவிலும் வடோதராவில் இவ்வின வில்லைகளைச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குவது அவசியம். நம் வீட்டுப் பாட்டிமாருக்குக் கண்புரை ஆபரேஷனில் வைக்கும் வில்லை வேறு, இது வேறு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சார்ந்து, 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலை எழுந்தது. வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பகுதிக்கே வில்லை கிடைக்கச் செய்து, ஏழை மக்களுக்குப் பார்வை அளித்த பெருமை அதற்கு உண்டு. அது புரை கொண்ட இயற்கை வில்லையை அகற்றிவிட்டு அதன் இடத்தில் வைப்பது. நாம் இப்போது பேசும் வில்லையோ, நல்ல நிலையிலுள்ள இயற்கை வில்லை அங்கேயே இருக்க, அதற்கு முன்னால் கூடுதலாக வைப்பது. நோயுற்ற கண்ணில் செய்யும் சிகிச்சை ஒன்று. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும் கண்ணில் செய்யும் சிகிச்சை மற்றொன்று. இரண்டாவதற்கு எச்சரிக்கை இரு மடங்கு வேண்டும் என்பதில் ஐயமுண்டோ?

ஆழம் அறியாமல் காலை விடாதே

ஊர் சேர்ந்த மறுநாள் காலையே ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வியே நண்பரின் கணக்கைக் கலைத்தது.

"காண்டாக்ட் லென்ஸ் போடுவதுண்டா, மகளே?"

"உண்டு, டாக்டர். நேற்று விமானத்திலிருந்து இறங்கும் வரை போட்டிருந்தேன்."

"அப்படியானால் இன்று அளவெடுத்துப் பயனில்லை. லென்ஸ் அழுத்தியதால் கருவிழியின் வடிவம் சற்று மாறியிருக்கும். ஒரு வாரம் கண்ணாடியோடு மட்டும் இருந்துவிட்டு வாருங்கள்."

மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையும், கடினமான வகை அணிபவர் அதனினும் நெடுங்காலமும் அதனைக் கழற்றி வைத்த பின்னரே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய இச்சிறு காரியத்தை அறியாததால் ஒரு வாரம் வீணாயிற்று.

இரண்டாம் முறை சென்றபோது காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை பரிசோதனைகள் நடந்தன. பவர் ஓராண்டாக மாறாமல் நிலைத்திருக்கிறதா என்று பழைய சீட்டுகளைப் பார்த்தனர். கருவிழியின் வடிவத்தையும் கனத்தையும் அளந்தனர். கருவிழியின் உட்புறத்தைக் காக்கும் செல்களை எண்ணினர். இச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆதலின் போதிய கையிருப்பு இருக்க வேண்டும். கண் நீர் அழுத்தத்தைப் பார்த்தனர். வில்லையின் நீளத்தை முடிவு செய்வதற்காகக் கண்ணின் அகலத்தை அளந்தனர். இறுதியாக, கருவிழிக்கும் இயற்கை வில்லைக்கும் இடையே உள்ள முன் அறையின் ஆழத்தை அளந்தனர்.

இவ்வாழமே இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. அமெரிக்க விதிப்படி இது 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வேறு சில நாடுகளில் 2.8 வரை ஏற்கிறார்கள். நண்பர் மகளுக்கு இருந்ததோ 2.6. "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் ஆற்றுக்குச் சொன்னது கண்ணுக்கும் பொருந்தியது. அறை குறுகியிருக்க, அதனுள் வில்லையை நுழைத்தால், கருவிழியின் செல்கள் தேயலாம். நீர் செல்லும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறலாம். டாக்டர் தயங்காமல், "இந்தக் கண்ணுக்கு நான் வில்லை வைக்க மாட்டேன்" என்று கூறிவிட்டார்.

நண்பர் முகம் வாடியது. "இவ்வளவு தூரம் வந்தோமே, சற்றுக் குறைவுதானே, எப்படியாவது..." என்று தொடங்கினார். டாக்டர் கையமர்த்தி, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விடச் சொன்னார். "வில்லை வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்தக் கண்ணின் பின்புறத்தை நான் பார்த்தே ஆக வேண்டும்" என்றார்.

அரை மணி நேரத்துக்குப் பின் விளக்கொளியில் விழித்திரையின் ஓரங்களை அவர் நெடுநேரம் ஆராய்ந்தார். வலக் கண்ணின் மேல் ஓரத்தில் திரை மெலிந்து, ஒரு சிறு துளை விழுந்திருந்தது. துளை வழியே நீர் புகுந்தால், சுவரிலிருந்து காகிதம் பிரிவது போல் விழித்திரை பிரியக்கூடும். அவ்வாறு பிரிந்தால் பார்வையே போகும் அபாயம் உண்டு. வலியில்லை, மங்கலில்லை, யாதொரு அறிகுறியும் இல்லை. அன்று பிற்பகலே லேசர் கதிரால் துளையைச் சுற்றி வேலியிட்டனர். கால் மணி நேர வேலை. வேலி நன்கு பற்றுவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்பதால், மறுபரிசோதனைக்காக லீவை நீட்டிக்கச் சொன்னார்கள்.

வெளியே வந்த நண்பர் நெடுநேரம் பேசவில்லை. மகள்தான், "அப்பா, கண்ணாடியைக் கழற்ற வந்தோம், கண்ணையே காப்பாற்றிக்கொண்டு போகிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்? மாமா, நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள். நாம் சொல்ல என்ன இருந்தது?

மாலை நான்கு மணி

நாம் காத்திருந்த அதே கூடத்தில் மாலத்தீவு இளைஞர் ஒருவரும் அவருடைய தாயாரும் இருந்தனர். அவருக்குப் பரிசோதனைகள் முன்னமே முடிந்து, அளவுக்கேற்ற வில்லை வரவழைக்கப்பட்டு, அன்று முற்பகல் வலக் கண்ணில் ஆபரேஷன். மரத்துப்போகும் மருந்து விட்டு, மூன்று மில்லிமீட்டர் அளவே வெட்டி, சுருட்டிய வில்லையை உள்ளே செலுத்தி விரியச் செய்கிறார்கள். அவர் உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் நமக்கு அரைமணி நேரமாகத் தோன்றியது. தொலைவில் இருந்த சுவர்க் கடிகாரத்தை அவர் தாயாருக்குச் சுட்டிக் காட்டி மணி சொன்னபோது அங்கிருந்தோர் அனைவர் முகமும் மலர்ந்தது. அச்சிகிச்சையின் சிறப்பை நாம் குறைத்துக் கூறுவதற்கில்லை. தகுதியுள்ள கண்ணுக்கு அது ஒரு வரப்பிரசாதமே.

ஆனால் மாலை நான்கு மணிக்கு அவருக்குத் தலைவலி கண்டது. அழுத்தம் அளந்து பார்த்ததில் 34. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. ஆபரேஷனின்போது கண்ணுக்குள் செலுத்தும் பசை போன்ற மருந்து சிறிது தங்கிவிட்டால் இவ்வாறு நேர்வதுண்டு என்றனர். சிறிது நீரை வெளியேற்றி மாத்திரையும் கொடுத்த பின் அழுத்தம் தணிந்தது. தாயார் கலங்கவில்லை. நகரிலேயே மூன்று வாரம் தங்குவதென்று அவர்கள் முன்னமே வீடு எடுத்திருந்தனர். அந்த மாலையில் அவர் விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். ஆபரேஷன் நிமிடக் கணக்கு. காவல் மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்கு. நாம் இந்த யாத்திரையில் கற்ற பாடம் இதுவே.

அன்றும், மறுநாளும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் பரிசோதனை. பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறை. அதன் பின் ஆயுள் முழுதும் ஆண்டுக்கு ஒருமுறை. வைத்த வில்லைக்கும் இயற்கை வில்லைக்கும் இடையே உள்ள இடைவெளி 250 முதல் 750 மைக்ரானுக்குள் இருப்பது நலம். மிகக் குறைந்தால் புரை வளரலாம். மிக அதிகமானால் அழுத்தம் ஏறலாம். அளவு பொருந்தாவிடில் வில்லையை எடுத்து வேறு வைக்க வேண்டியிருக்கும். கோணப் பார்வைக் குறையைச் சேர்த்துத் திருத்தும் வில்லை உள்ளே திரும்பிவிட்டால் நேராக்க வேண்டும். கிருமி தாக்குவது மிக அரிது. தாக்கினால் மணிக்கணக்கில் சிகிச்சை வேண்டும். இவை அனைவருக்கும் நேர்வன அல்ல. நேர்ந்தால் உடனே கவனிக்க டாக்டர் அருகில் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

விடுமுறையில் செல்வோருக்கு

நாம் உணர்ந்தவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம். முதலாவது, இதற்கு இரண்டு விடுமுறைகளை ஒதுக்குங்கள். ஒரு விடுமுறையில் அளவெடுங்கள். தகுதி உண்டென்று தெரிந்து, வில்லையும் வரவழைத்த பின், அடுத்த விடுமுறையில் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். வசிக்கும் ஊரிலேயே முதற் பரிசோதனையைச் செய்து அளவுகளை அனுப்பினாலும் நன்று. எனினும், ஆபரேஷன் செய்யும் டாக்டர் மீண்டும் அளப்பார் என்பதை மறவாதீர்.

இரண்டாவது, வயதைக் கருதுங்கள். 2022-இல் அமெரிக்காவில் வழங்கிய அனுமதி 21 முதல் 45 வயது வரையினருக்கே. பவர் மாறிக்கொண்டிருக்கும் இளம் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். நாற்பதைக் கடந்தவருக்கு, வில்லை வைத்தாலும் பத்திரிகை படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

மூன்றாவது, விமானம் ஏறும் நாளை டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். இந்த வில்லை விமானப் பயணத்தால் கெடுவதில்லை. ஆயினும் முதல் வாரப் பரிசோதனை முடியாமல் புறப்படுதல் தகாது. மாதம் தங்க முடிந்தால் மிக நன்று. விழித்திரை பிரிந்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மட்டும், அவ்வாயு கரையும் வரை விமானம் ஏறவே கூடாது. வானில் வாயு விரிந்து பார்வையைப் பறித்துவிடும்.

நான்காவது, திரும்பிச் செல்லும் ஊரில் உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒரு கண் டாக்டரை முன்னதாகவே அமர்த்துங்கள். வில்லையின் வகை, பவர், நீளம், வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையையும், ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவுகளையும் பத்திரப்படுத்துங்கள். முதுமையில் புரை வரும்போது அந்த டாக்டருக்கு இவை தேவைப்படும்.

ஐந்தாவது, செலவை எழுத்தில் கேளுங்கள். சொல்லும் தொகை ஒரு கண்ணுக்கா, இரு கண்ணுக்குமா? வில்லையின் விலை அதில் அடக்கமா? அளவு பொருந்தாமல் மாற்ற நேர்ந்தால் யார் பொறுப்பு? இந்திய மருத்துவக் காப்பீடுகள் 7.5 டையாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைக்குப் பணம் தருவதில்லை. அதற்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள் தங்கள் பாலிசியைப் படித்துக் கேட்டுப் பார்க்கலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், ஓ.சி.ஐ. அட்டை இல்லையேல், மருத்துவ விசாவும் துணைக்கு வருவோருக்கான விசாவும் எடுத்தே செல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. வில்லை வைத்தாலும் கண் உருண்டையின் நீளம் குறைவதில்லை. கண்ணாடி கழன்றது; கிட்டப்பார்வையால் வரும் நோய்களின் அபாயம் கழலவில்லை. மின்னல் போன்ற ஒளி, திடீரென்று பெருகும் கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போன்ற நிழல் ஆகியவை தோன்றினால், அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" செய்து பயன் என்ன? அதிகப் பவர் உள்ள பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். ஆபரேஷன் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் பரிசோதனையை ஆண்டுதோறும் அவர்களுக்குச் செய்வியுங்கள். இந்த ஒரு வேண்டுகோளை மட்டும் அன்பர்கள் ஏற்றாலும் இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவராவோம்.

நண்பர் மகளைப் பற்றி ஒரு சொல். குறித்த நாளில் நாகர்கோவிலில் பெண் பார்க்கும் வைபவம் நடந்தது. தாயார் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், அவள் தன் தடித்த கண்ணாடியை அணிந்துகொண்டே வந்து அமர்ந்தாள். "எதிரே இருப்பவர் முகம் எனக்கும் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாளாம். சம்பந்தம் கைகூடிற்றா என்பது இக்கட்டுரையின் விஷயமன்று. மறுபரிசோதனையில் வேலி நன்றாகப் பற்றியிருந்தது என்பதும், இன்று ஷார்ஜாவில் அவள் வழக்கம்போல் உத்தியோகம் பார்த்து வருகிறாள் என்பதும் நமக்குப் போதும்.